வேலூர்ப் பனியில் விடிகாலைக் கஞ்சி

வேலூர் என்றாலே வெயில்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுக்க இங்கே இரவில் 18 டிகிரியை ஒட்டி இறங்கும். மேகமில்லாத நாட்களில் அதற்கும் கீழே போகும். வீட்டுக்குள் கதவைச் சாத்திப் படுத்திருப்பவருக்கு இது சுகமான குளிர். சிமென்ட் தரையில், பனியில் நனைந்த துணியோடு, அரை வயிற்றில் படுத்திருப்பவருக்கு இதே 18 டிகிரி உடம்பை நடுக்கிவிடும்.

அப்படிப் படுப்பவர்கள் யார் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையை நம்பி மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், பீகார், அசாம், திரிபுரா, ஏன் வங்கதேசத்திலிருந்துகூடக் குடும்பம் குடும்பமாகக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் அறை எடுத்துத் தங்குகிறார்கள். ஒரு வாரம் என்று நினைத்து வந்த சிகிச்சை ஒரு மாதமாக நீளும்போது முதலில் கைவிடுவது அறை வாடகையைத்தான். சித்தூர், திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து நோயாளிக்குத் துணையாக வந்தவர்களுக்கும் இதே நிலைமை வருவதுண்டு. இவர்களோடு பேருந்து நிலையத்துச் சுமைக்காரர்கள், வீட்டை விட்டு வந்துவிட்ட வயதானவர்கள், விடிகாலை ரயிலுக்காக நள்ளிரவிலேயே வந்து குந்தியிருப்பவர்கள்.

இருட்டும் ஒரு சுமைதான். டிசம்பர் கடைசியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது; காலை ஆறரையை ஒட்டித்தான் சூரியன் வருகிறது. பொங்கல் கழிந்தும் சூரியன் சீக்கிரம் வருவதில்லை. எங்கள் பக்கத்தில் வருடத்திலேயே தாமதமான சூரிய உதயம் ஜனவரி பிற்பாதியில்தான். நாளைக்கு என்ன ரிப்போர்ட் வரும், பணத்துக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டு கிடப்பவருக்கு அந்தப் பன்னிரண்டரை மணி நேர இரவு ரொம்ப நீளம்.

இந்த ஊரில் கொடுக்கும் மனசுக்குப் பஞ்சமில்லை. நேரம்தான் தப்பிப்போகிறது. இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் இரண்டு மூன்று வண்டிகளில் வரும். புத்தாண்டு இரவன்று பிரியாணி மிஞ்சிக் குப்பைத் தொட்டியில் கிடக்கும். காலை ஐந்து மணிக்கு, குளிர் உச்சத்தில் இருக்கும்போது, யாரும் வருவதில்லை. ராத்திரி முழுக்கத் தரையிலிருந்து வெப்பம் மேலே போய்க்கொண்டே இருப்பதால் சூரியன் வருவதற்குச் சற்று முன்தான் மிகவும் குளிரும். அந்த நேரத்தில் கையில் சூடாக ஒரு கிண்ணம் கிடைத்தால் அதன் மதிப்பே வேறு. அதனால் எங்கள் யோசனை, இரவுப் பொட்டலத்தை விட்டுவிட்டு விடிகாலைக் கஞ்சிக்கு மாறுங்கள் என்பதே.

ஐம்பது பேருக்கு, ஆளுக்கு 300 மில்லி என்றால் 15 லிட்டர் கஞ்சி. பச்சரிசி நொய் ஒன்றரை கிலோ போதும். ஆரணிப் பக்கத்து மில் நொய் கடைகளில் கிடைக்கும். விலை குறைவு, வேகும் நேரமும் பாதிதான். பாசிப்பருப்பு 400 கிராம், வெந்தயம் 30 கிராம், சீரகம் 40 கிராம், இஞ்சி 100 கிராம், உரித்த பூண்டு 150 கிராம், உப்பு 80 கிராம். மிளகாய் வேண்டாம். மிளகைப் பொடித்துத் தனிக் கிண்ணத்தில் கொண்டுபோங்கள். புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாக இருக்கும்; காரம் பட்டால் அலறிவிடுவார்கள். உப்பைக் குறைத்துச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கூட்டத்தில் நிச்சயம் இருப்பார்கள். வேண்டியவர் போட்டுக்கொள்ள உப்பும் தனியாக இருக்கட்டும்.

வெந்தயத்தை முதல்நாள் இரவே ஊறவைத்துவிடுங்கள். பருப்பை வாசனை வரும்வரை வெறும் வாணலியில் வறுத்து வையுங்கள். மூன்றரைக்கு அடுப்பு மூட்டினால் சரியாக இருக்கும். 14 லிட்டர் தண்ணீர் கொதித்ததும் பருப்பும் வெந்தயமும், கால் மணி நேரம் கழித்துக் கழுவிய நொய், அதோடு நசுக்கிய இஞ்சி, பூண்டு, சீரகம். நொய் போட்ட முதல் பத்து நிமிடம் அடுப்பை விட்டு நகரக் கூடாது. நொய் கனமாக அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், கிண்டாவிட்டால் அடிப்பிடிக்கும். நீளமான மரத் துடுப்பால் அடியைத் தொட்டுத் தொட்டுக் கிண்ட வேண்டும். அப்படியும் பிடித்துவிட்டால் சுரண்டக் கூடாது. மேலாக இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றி மிச்சக் கொதியை அதில் முடியுங்கள். சுரண்டிக் கலந்தால் 15 லிட்டரும் தீய்ந்த வாடை அடிக்கும். மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் மாஸ்டர்களிடம் ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தால் இப்படிக் கிண்டுவது பிடிபட்டுவிடும். பதம் பார்க்கவும் அவர்களுக்குத்தான் தெரியும்: கரண்டியிலிருந்து விட்டால் அறுபடாமல் ஒழுக வேண்டும், ஆனால் தண்ணீராக ஓடக் கூடாது.

கஞ்சி அடுப்பில் இருக்கும்போது கொஞ்சம் நீர்த்தே இருக்கட்டும். ஆற ஆற அது இறுகும். இன்னொரு பாத்திரத்தில் இரண்டு மூன்று லிட்டர் கொதிநீர் கூடவே எடுத்துப் போனால் இறுகும்போது விட்டு இளக்கலாம். பச்சைத் தண்ணீர் விட்டால் சூடும் போகும், வயிற்றுக்கும் நல்லதில்லை. தேங்காய்ப்பால், மோர், பால் எதுவும் சேர்க்காதீர்கள், சீக்கிரம் கெடும். பச்சை வெங்காயம், கொத்தமல்லி தூவுவதையும் தவிர்த்துவிடுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் பச்சையாக எதுவும் ஆகாது.

பாத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழாய் வைத்த டீ டிரம்மில் கஞ்சியை ஊற்றினால் ஐந்தாவது ஆளுக்குள் குழாய் அடைத்துக்கொள்ளும். வாய் அகன்ற, மூடி இறுக்கமான பாத்திரமும் கரண்டியும்தான் சரி. சூடு தாங்கும் டப்பா இல்லையென்றால் அண்டாவை ஒரு பெரிய மரப்பெட்டியில் இறக்கி, சுற்றிலும் வைக்கோலோ பழைய கோணியோ திணித்து, மேலே கம்பளியால் மூடினால் ஒன்றரை மணி நேரம் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். முக்கால் அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். வேகத்தடையில் வண்டி குதித்தால் கஞ்சி தளும்பிப் பிடித்திருப்பவர் காலில்தான் கொட்டும். இரு சக்கர வண்டியில் கொதிக்கும் அண்டாவைக் கொண்டுபோகும் யோசனையே வேண்டாம்.

மிஞ்சிய கஞ்சியை இரவுக்கு எடுத்து வைப்பது பெரிய தவறு. சோற்றில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துக்கள் கொதியிலும் சாகாது. பெரிய அண்டா மெதுவாக ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். அப்போது உண்டாகும் நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. அதனால் காய்ச்சி முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து முடித்துவிட வேண்டும். மிஞ்சினால் மாட்டுத் தொழுவத்துக்குப் போகட்டும்.

பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், தெர்மாகோல் கிண்ணம் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பாக்கு மட்டைக் கிண்ணம் நல்லது. அதில் பிடி கிடையாது என்பதால் கை நடுங்குபவர்களுக்குப் பாதி மட்டும் ஊற்றி, மறுபடி வந்து ஊற்றுங்கள். நோயாளியோடு வந்தவர்களிடம் பெரும்பாலும் சொந்தத் தூக்கோ டிபன் டப்பாவோ இருக்கும். உள்ளே இருக்கும் இன்னொருவருக்கும் சேர்த்துக் கேட்பார்கள். கேள்வி கேட்காமல் ஊற்றுங்கள்.

இனி படுக்கை. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். போர்வை கொடுப்பவர்கள் எல்லோரும் மேலே போர்த்துவதையே யோசிக்கிறார்கள். குளிர் கீழிருந்துதான் ஏறுகிறது. சிமென்ட் தரை உடம்புச் சூட்டை விடாமல் உறிஞ்சும். மேலே இரண்டு கம்பளி போர்த்தினாலும் கீழே வெறுந்தரை என்றால் தூங்க முடியாது. உடம்பின் கனத்தில் அடியில் இருக்கும் துணி நசுங்கிவிடும், அதற்குள் காற்று நிற்காது. அதனால்தான் மடித்த வேட்டி போதாது. லாங்கு பஜார் கடைகளில் மாலையில் கேட்டால் அட்டைப்பெட்டிகள் கிடைக்கும். பிரித்து இரண்டு அடுக்காக, ஆள் நீளத்துக்கு ஒட்டி, அதன் கீழே ஈரம் ஏறாமல் ஒரு பிளாஸ்டிக் சாக்கைப் பிரித்துப் போட்டால் அருமையான படுக்கை. உரச்சாக்கு வேண்டாம், கழுவினாலும் உப்பு நிற்கும். அரிசிச் சாக்கு நல்லது. கோரைப்பாய் மட்டும் போட்டால் குளிருக்குப் போதாது. அட்டைக்கு மேலே விரித்தால் நன்றாக இருக்கும். கார்த்திகை மழை இன்னும் முடியாத வருடமாக இருந்தால் அட்டை ஒரே நாளில் கூழாகும். அப்போது முதல் தேவை ஆறுக்கு எட்டு அடி தார்ப்பாய். போர்வையெல்லாம் பிறகு.

போர்வை வாங்கும்போது எடையைப் பாருங்கள். தெருவில் படுப்பவருக்கு ஒரு கிலோவுக்குக் குறைந்தது பயன்படாது, இரண்டு கிலோவைத் தாண்டியது பகலில் தூக்கிச் சுமக்க முடியாது. ஐந்து அடி அகலம், ஏழரை அடி நீளம் இருந்தால் காலையும் தலையையும் ஒருசேர மூடலாம். பருத்தி பெட்ஷீட் பனியில் ஈரமாகும், ஈரமானால் சூடு தராது, காயவும் நேரமாகும். பாலியஸ்டர் வகை சீக்கிரம் காயும். சாலையோரம் படுப்பவர்களுக்கு அழுக்கு தெரியாது என்று கறுப்பு, சாம்பல் நிறம் வாங்கிக் கொடுக்கிறார்கள். பனிமூட்டத்தில் லாரி ஓட்டுபவருக்கு அந்த நிறம் கண்ணிலேயே படாது. சிவப்பு, மஞ்சள், வெள்ளைக் கோடு போட்டதாக வாங்குங்கள். புதுப் போர்வையைப் பிளாஸ்டிக் உறையோடு நீட்டாமல் பிரித்து ஒருமுறை அலசிக் கொடுங்கள். புதுத் துணிக்குப் போட்ட கஞ்சியின் வாடை சிலருக்குக் குமட்டும்.

குல்லாவும் காலுறையும் போர்வை அளவுக்கே முக்கியம். காலுறையின் வாய் தளர்வாக இருக்க வேண்டும். சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவருக்கு இறுக்கமான எலாஸ்டிக் புண் உண்டாக்கும். அதே காரணத்தால் அவர்கள் காலடியில் வெந்நீர் பாட்டில் வைக்காதீர்கள். சுடுவது தெரியாமல் வெந்துபோகும்.

கொடுக்கும் விதத்தைப் பற்றி இன்னும் அக்கறையாகச் சொல்ல வேண்டும். நோயாளியோடு வந்தவர்கள் பிச்சை கேட்டு வந்தவர்களில்லை. ஊரில் நிலமும் கடையும் வைத்திருந்து அதை விற்றுவிட்டு வந்தவர்கள் அவர்களில் உண்டு. வண்டியை நிறுத்தி "வாங்க வாங்க" என்று கூவி வரிசையில் நிறுத்தினால் அவர்கள் வர மாட்டார்கள், பசியோடு அப்படியே இருப்பார்கள். நாம் நடந்து போய், அவர்கள் உட்கார்ந்திருந்தால் நாமும் குந்தி, "அம்மா, சூடா கஞ்சி இருக்கு, கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்டால் போதும். சித்தூர்க்காரருக்கு "வேடிகா உந்தி, தீஸ்கோண்டி", இந்திக்காரருக்கு "கரம் ஹே, லீஜியே", வங்காளிக்கு "கொரோம் ஆச்சே, நின்". உச்சரிப்பு தப்பினாலும் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் நகருங்கள். என்ன நோய், எவ்வளவு செலவு என்று நீங்களாகக் கேட்காதீர்கள். போட்டோ எடுக்கவே கூடாது. தூங்குபவரை எழுப்பாதீர்கள், போர்வையென்றால் காலடியில் வைத்துவிட்டு வாருங்கள். தனியாக இருக்கும் பெண்களிடம் உங்கள் குழுவிலிருக்கும் பெண்தான் போக வேண்டும். வண்டியை மருத்துவமனை வாசலில் நிறுத்தாதீர்கள், ஆம்புலன்ஸுக்கு வழி அடைபடும். காட்பாடியில் ரயில் நிலைய வளாகத்துக்குள் என்றால் நிலைய அதிகாரியின் அனுமதி வேண்டும்; வெளியிலேயே வைத்துக்கொள்வது எளிது.

சில சமயம் ஒரு தகவல் பத்துப் போர்வைக்குச் சமம். புற்றுநோய், டயாலிசிஸ், இதய அறுவை போன்ற சிகிச்சைக்குப் பயணம் செய்பவருக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் சிகிச்சை தரும் மருத்துவமனையின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி முன்பதிவுக் கவுண்டரில் கொடுக்க வேண்டும். ஊர் திரும்பும் நாளுக்கு முன்பே வாங்கிவிடச் சொல்லுங்கள்.

கஞ்சி குடிக்கும்போது சிலர் பேச ஆரம்பிப்பார்கள். பேசட்டும். "எல்லாம் சரியாகிடும்" என்று சொல்லத் தோன்றும், சொல்லாதீர்கள். சரியாகாது என்று டாக்டர் நேற்றுத்தான் சொல்லியிருப்பார். "ராத்திரி தூங்கினீங்களா?", "கூட யாரு இருக்காங்க?" என்று கேளுங்கள். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற மாதிரி யாராவது பேசினால் பேச்சை மாற்றாமல், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் வரும். ஆம் என்றால் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம். தமிழ் மட்டுமில்லாமல் இந்தி, வங்காளத்திலும் பேசலாம். உங்கள் போனிலிருந்தே போட்டுக் கொடுங்கள்.

வயதானவர் நடுங்கிக்கொண்டிருந்து திடீரென்று நடுக்கம் நின்று, பேச்சு குளறி, தூக்கக் கலக்கமாக இருந்தால் குளிர் விட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்குகிறது என்று அர்த்தம். உடனே 108. வண்டி வரும்வரை ஈரத் துணியைக் கழற்றி உலர்ந்ததைச் சுற்றி, தலையை மூடி, அடியில் அட்டை போடுங்கள். கை காலைத் தேய்க்க வேண்டாம். முழு நினைவோடு விழுங்க முடிந்தால் மட்டும் சூடாக ஏதாவது கொடுக்கலாம். சாராயம் உடம்பைச் சூடாக்கும் என்பது பொய். தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து இருக்கிற சூட்டையும் வெளியே விட்டுவிடும்.

தீ மூட்டிக் காய்வதில் ஒன்று கவனிக்க வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பக்கம் தோல் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். குரோமியத்தில் பதனிட்ட தோலை எரித்தால் வரும் புகையும் சாம்பலும் விஷம். டயரும் அப்படியே. காய்ந்த விறகு மட்டும், அதுவும் திறந்த வெளியில். ஷட்டர் இறக்கிய கடைக்குள்ளோ லாரி கேபினுக்குள்ளோ கரிச்சட்டி வைத்துத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

ஜவ்வாது மலை, பீஞ்சமந்தைப் பக்கம் குளிர் இன்னும் கடுமை. அங்கே அரிசி கொண்டுபோக வேண்டாம், அவர்களிடம் சாமை இருக்கிறது. குழந்தைகளுக்கு ஸ்வெட்டரும் முதியவர்களுக்குக் கம்பளியும் போதும். ஊர்க்காரர் ஒருவரிடம் அளவு கேட்டுக்கொண்டு போங்கள்.

எதைக் கொடுத்தாலும் நாள் சொல்லிக் கொடுங்கள். "வியாழக்கிழமை காலை ஐந்தேகாலுக்கு மறுபடி வருவோம்" என்று சொல்லிவிட்டு, அந்த வியாழக்கிழமை ஐந்தேகாலுக்கு அங்கே நிற்க வேண்டும். ஐம்பது பேருக்கு ஒருநாள் செய்து ஓய்ந்துபோவதைவிட, இருபது பேருக்கு மாசி வரை வாரம் ஒருநாள் செய்வது எவ்வளவோ மேல். இருட்டில் கிடப்பவருக்கு அடுத்த வியாழன் என்று எண்ண ஒரு நாள் கிடைக்கிறது. நம்பிக்கை என்று நாங்கள் சொல்வது அந்த அளவுக்குத்தான், அது போதுமானது. எட்டு பேர் குழு இருந்தால் நான்கு பேர் ஒரு வாரம், நான்கு பேர் மறு வாரம் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றரை மணிக்கு எல்லா வாரமும் எழுந்தால் பொங்கலோடு குழு கலைந்துவிடும். ஒருவருக்குக் காய்ச்சல், இருமல் என்றால் அந்த வாரம் அவர் வரவே கூடாது. எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிகளுக்கு நாமே தொற்றைக் கொண்டுபோன மாதிரி ஆகிவிடும்.

ஊர் திரும்புபவர்கள் பலர் போர்வையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள், அடுத்தவருக்கு ஆகட்டும் என்று. கொதிக்கும் தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு அரை மணி ஊறவைத்து அலசி, இரண்டு நாள் முழு வெயிலில் இரு பக்கமும் காயப்போடுங்கள். பங்குனி வெயிலில் மூட்டைப்பூச்சி முட்டையும் மிஞ்சாமல் இருக்கத் தையல் ஓரங்களைத் திருப்பிப் பாருங்கள். நன்றாக ஆறிய பிறகு, நிழலில் உலர்த்திய வேப்பிலையோடு இரும்புப் பெட்டியில் மடித்து வைக்கலாம். சூட்டோடு மடித்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். புதிதாக வேண்டியதை ஆடித் தள்ளுபடியில் வாங்கிவிடுங்கள். மார்கழி பிறந்தால் அதே போர்வையின் விலை ஏறிவிடும்.